புள்ளி எது, இரைச்சல் எது?

பாடக் காணொலிகளைச் சிறிதாக்குவது பற்றி ஆசிரிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று அடிக்கடி வரும். "நேற்று எடுத்ததும் 20 நிமிடம், இன்று எடுத்ததும் 20 நிமிடம். அதே கைபேசி, அதே கரும்பலகை. ஒரே மென்பொருளில் போட்டுத்தான் சுருக்கினேன். நேற்றையது சின்னதாக வந்தது. இன்றையது ஏன் சார் இவ்வளவு பெரிதாக வருகிறது?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "இன்று எடுத்தபோது வகுப்பறையில் வெளிச்சம் குறைவாக இருந்ததா?" பெரும்பாலும் ஆம் என்றே பதில் வரும். மழை மேகம் மூடியிருக்கும், மின்சாரம் போயிருக்கும், அல்லது சத்தம் வரக்கூடாதென்று சன்னலைச் சாத்தியிருப்பார்கள்.

வெளிச்சத்துக்கும் கோப்பின் அளவுக்கும் என்ன தொடர்பு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்தக் காணொலியை வீட்டில் பார்க்கப்போகும் பிள்ளை, வேலை முடிந்து வரும் அப்பாவின் கைபேசியில், அன்றைய டேட்டா தீர்வதற்குள் பார்த்தாக வேண்டும். கோப்பு பெரிதானால் பாடம் பாதியில் நிற்கும். அதற்குப் பயந்து கண்டபடி சுருக்கினால் எழுத்து மங்கும். சில நேரம் எழுத்தின் புள்ளியே காணாமல் போகும். இரண்டும் நேராமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

மங்கிய அறையில் எடுத்த காணொலியை நிறுத்தாமல் ஓடவிட்டு, கரும்பலகையின் வெற்றிடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே எதுவும் அசையக்கூடாது. ஆனால் நுண்ணிய மணிகள் கொதிப்பதுபோலத் துள்ளிக்கொண்டிருக்கும். இதைத்தான் பட இரைச்சல் என்கிறோம். காதுக்குக் கேட்கும் இரைச்சலைப் போலவே இதுவும் சொல்ல வந்த செய்தியோடு கலந்துவிட்ட தேவையற்ற சேர்க்கை.

மழையில் பத்து டம்ளர்களை வரிசையாக ஒரு நொடி மட்டும் வைத்து எடுத்தால், ஒன்றில் மூன்று துளி, இன்னொன்றில் ஏழு துளி என்று விழுந்திருக்கும். ஒரு மணி நேரம் வைத்தால் பத்திலும் நீர்மட்டம் ஏறக்குறைய சமமாக இருக்கும். கேமராவின் உணரியில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் இப்படி ஒரு டம்ளர்தான். ஒளித்துகள்கள் அதில் துளிகளாக விழுகின்றன. சராசரியாக 100 துகள்கள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது 10 விழுக்காடு. 10,000 துகள்கள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 100. அது 1 விழுக்காடுதான். ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்வதால், வெளிச்சம் கூடக் கூட இரைச்சலின் பங்கு குறைகிறது. வெளிச்சம் போதாதபோது கைபேசி தனக்குக் கிடைத்த சிறிய மின்குறிகையைப் பெருக்கிக் காட்டும். அதோடு ஏற்ற இறக்கமும் சேர்ந்து பெருகும்.

கணினி எப்படிச் சுருக்குகிறது?

1920 × 1080 பிக்சல் அளவில் நொடிக்கு 30 சட்டகங்கள் கொண்ட காணொலியைச் சுருக்காமல் சேமித்தால் நொடிக்குச் சுமார் 93 மெகாபைட் வேண்டும். 20 நிமிடப் பாடத்துக்கு 112 ஜிகாபைட். எனவே கைபேசி பதிவு செய்யும்போதே சுருக்கிவிடுகிறது. நொடிக்கு 16 மெகாபிட் என்ற வீதத்தில் அது சேமித்தால் அதே பாடம் 2.4 ஜிகாபைட் ஆகும். பிள்ளைகளுக்கு அனுப்ப அதுவும் அதிகம். நொடிக்கு 1 மெகாபிட்டுக்குக் கொண்டுவந்தால் 150 மெகாபைட்; அரை மெகாபிட் என்றால் 75 மெகாபைட்.

இவ்வளவு சுருக்கம் முன்கணிப்பால்தான் கிடைக்கிறது. 2003-இல் வெளியாகி இன்றும் எங்கும் புழங்கும் எச்.264 உள்ளிட்ட முறைகள், ஒவ்வொரு சட்டகத்தையும் முழுதாக எழுதுவதில்லை. "இந்தப் பகுதி முந்தைய சட்டகத்தில் இருந்தபடியே இருக்கிறது", "இந்தப் பகுதி சற்று வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது" என்று குறித்துக்கொண்டு, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதுகின்றன. கரும்பலகை அசையாது, ஆகவே அதற்கு எழுத வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. செலவெல்லாம் ஆசிரியரின் கைக்கும் முகத்துக்கும் புதிதாக எழுதப்படும் எழுத்துக்கும்தான்.

இரைச்சல் இந்தக் கணக்கைக் கெடுத்துவிடுகிறது. அடுத்த சட்டகத்தில் எந்த மணி எங்கே துள்ளும் என்பதை முந்தைய சட்டகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கணிப்பு ஒவ்வொரு பிக்சலிலும் கொஞ்சம் தவறும். அந்தத் தவறுகளையெல்லாம் எழுதியாக வேண்டும். நிகழ்ச்சி முடிந்தபின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடிய வெண்புள்ளிக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு செய்தியும் இல்லை. ஆனால் சுருக்குவதற்கு அதைவிடக் கடினமான படம் கிடையாது.

இதன் விளைவு இரண்டு விதமாகத் தெரியும். "தரம் மாறக்கூடாது" என்று மென்பொருளுக்குச் சொல்லியிருந்தால் கோப்பு பெருக்கும். "அளவு இதற்கு மேல் போகக்கூடாது" என்று சொல்லியிருந்தால் கோப்பு பெருக்காது. ஆனால் எழுத்துக்குப் போக வேண்டிய பிட்டுகளை இரைச்சல் தின்றுவிடும். படம் கட்டம் கட்டமாக உடையும். எழுத்தின் ஓரங்கள் சிதறும். பல கைபேசிகளும் செய்திச் செயலிகளும் இரண்டாவது வகையையே பின்பற்றுவதால், "அளவு சரிதான், ஆனால் படிக்க முடியவில்லை" என்ற குறை வருகிறது.

இரண்டு வகை வடிகட்டிகள்

சுருக்குவதற்கு முன்பே இரைச்சலைக் குறைத்துவிட்டால் என்ன? இரைச்சல் குறைப்பு வடிகட்டிகள் அதைத்தான் செய்கின்றன. அவற்றின் அடிப்படை நாம் நடத்தும் சராசரிக் கணக்குதான். சராசரியை எந்தத் திசையில் எடுக்கிறோம் என்பதே கேள்வி.

முதல் வகை, இடம்சார் வடிகட்டி. ஒரே சட்டகத்தில் பக்கத்துப் பிக்சல்களோடு ஒப்பிட்டுத் திருத்தும். கரும்பலகையின் ஒளிர்வு 40, சாக்கட்டியின் ஒளிர்வு 90 என்று வைத்துக்கொள்வோம். "க்" என்ற எழுத்தின் புள்ளி ஒரே ஒரு பிக்சல் அளவில் இருக்கிறது. அந்த வரிசையின் எண்கள்: 41, 38, 90, 42, 39. நடுவில் உள்ள மூன்று எண்களின் சராசரி 38 + 90 + 42 = 170; மூன்றால் வகுத்தால் சுமார் 57. புள்ளி மங்கிவிட்டது. சராசரிக்குப் பதிலாக இடைநிலை அளவு எடுக்கும் வடிகட்டியானால் விடை 42. புள்ளியே இல்லை, "க்" என்பது "க" ஆகிவிட்டது.

இரண்டாம் வகை, காலம்சார் வடிகட்டி. ஒரே இடத்துப் பிக்சலை அடுத்தடுத்த சட்டகங்களில் பார்த்துச் சராசரி எடுக்கும். வெற்றுப் பலகையின் ஒரு பிக்சல் ஐந்து சட்டகங்களில் 43, 38, 41, 37, 41. கூட்டினால் 200, சராசரி 40. புள்ளி உள்ள பிக்சல் 88, 93, 90, 87, 92. கூட்டினால் 450, சராசரி 90. இரைச்சல் போய்விட்டது, புள்ளி அப்படியே இருக்கிறது.

காரணம் எளிது. புள்ளி ஒவ்வொரு சட்டகத்திலும் அதே இடத்தில் நிற்கிறது, இரைச்சல் நிற்பதில்லை. நான்கு சட்டகங்களின் சராசரியில் இரைச்சல் பாதியாகும்; ஒன்பதின் சராசரியில் மூன்றில் ஒரு பங்காகும். இங்கும் அதே வர்க்கமூலம்தான்.

அப்படியானால் காலம்சார் வடிகட்டி ஒன்றே போதுமே என்று தோன்றும். அசையும் பொருள் வந்ததும் அது தடுமாறும். ஒரு பிக்சலில் மூன்று சட்டகம் வரை பலகை, பிறகு ஆசிரியரின் கை வந்துவிட்டது: 40, 40, 40, 150, 150. சராசரி 84. அது பலகையும் இல்லை, கையும் இல்லை. கைக்குப் பின்னால் ஆவிபோல ஒரு நிழல் இழுபடும். எனவே நல்ல வடிகட்டிகள், மாற்றம் சிறியதாக இருந்தால் இரைச்சல் என்றும், பெரியதாக இருந்தால் உண்மை அசைவு என்றும் கொண்டு, பெரிய மாற்றத்தைத் தொடாமல் விடுகின்றன.

2005-இல் அன்டோனி புவாடெஸ், பார்தோமேயு கோல், ழான்-மிஷேல் மொரேல் ஆகிய மூவர் வெளியிட்ட முறை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு பிக்சலைச் சராசரியில் சேர்க்காமல், அதைச் சுற்றியுள்ள சிறு பகுதி இதைச் சுற்றியுள்ள பகுதியைப் போலவே இருக்கிறதா என்று பார்த்து, ஒற்றுமைக்கு ஏற்ற எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. "என்எல்மீன்ஸ்" என்ற பெயரில் அது இலவச மென்பொருள்களிலேயே கிடைக்கிறது.

வகுப்பறையில் செய்துபார்க்க

இதை மாணவர்களுக்குக் கணினி இல்லாமலே உணர்த்தலாம்.

தொடக்க வகுப்புகளுக்கு: இரண்டு மாணவர்களை முதுகோடு முதுகாக உட்காரவையுங்கள். ஒருவரிடம் கட்டத்தாளில் வரைந்த ஒரு வீட்டுப் படம். அவர் கட்டம் கட்டமாகச் சொல்ல, மற்றவர் வரைய வேண்டும். "முதல் வரிசை முழுதும் வெள்ளை" என்று சுருக்கமாகச் சொல்ல முடியும். பிறகு அதே படத்தில் அங்கங்கே பென்சிலால் பொட்டு வைத்துக் கொடுங்கள். இப்போது சொல்ல வேண்டிய சொற்களை எண்ணச் சொல்லுங்கள். படம் அதேதான்; சொற்கள் மட்டும் பெருகிவிடும். இரைச்சல் ஏன் கோப்பைப் பெருக்க வைக்கிறது என்பது பிள்ளைகளுக்கே விளங்கிவிடும்.

உயர்நிலை வகுப்புகளுக்கு: 36 மாணவர்கள் 36 சட்டகங்கள். ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் 42 என்றும், பூ விழுந்தால் 38 என்றும் எழுதட்டும். எல்லா எண்களின் சராசரியைக் கண்டால் பெரும்பாலும் 39-க்கும் 41-க்கும் இடையில் இருக்கும். நான்கு பேர் கொண்ட குழுக்களின் சராசரிகள் இதைவிட அதிகம் சிதறியிருக்கும். திட்டவிலக்கம் நடத்தும்போது "இது எதற்குப் பயன்படும்?" என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஹேண்ட்பிரேக்கில் செய்யும் முறை

ஹேண்ட்பிரேக் ஓர் இலவச, திறந்தமூல மென்பொருள். மடிக்கணினியிலேயே வேலை செய்யும். நான் பின்பற்றும் வரிசை இது.

1. மூலக் கோப்பின் நகல் ஒன்றை வேறிடத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். வடிகட்டி எடுத்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

2. கோப்பைத் திறந்ததும் முழுதும் மாற்றாமல், "ரேஞ்ச்" பகுதியில் 30 நொடியை மட்டும் தேர்ந்தெடுங்கள். எழுத்தும் கையசைவும் இரண்டும் வரும் இடமாக இருக்கட்டும்.

3. "டைமென்ஷன்ஸ்" பகுதியில் 1280 × 720 என்று குறையுங்கள். அளவைக் குறைப்பதும் ஒருவகைச் சராசரியே. இரண்டேகால் பிக்சல் சேர்ந்து ஒன்றாவதால் இரைச்சல் அங்கேயே கொஞ்சம் அடங்கும். பொடி எழுத்து நிறைந்த பாடமானால் மட்டும் குறைக்க வேண்டாம்.

4. "வீடியோ" பகுதியில் எச்.264, மாறாத் தரம், ஆர்எஃப் 22 என்று வையுங்கள். இந்த எண் கூடினால் கோப்பு சிறிதாகும், தரமும் குறையும்.

5. முதலில் வடிகட்டி இல்லாமல் ஒருமுறை மாற்றுங்கள். பிறகு "ஃபில்டர்ஸ்" பகுதியில் "டீநாய்ஸ்" என்பதில் என்எல்மீன்ஸ் தேர்ந்து, "அல்ட்ராலைட்" அளவில் ஒருமுறை, "லைட்" அளவில் ஒருமுறை மாற்றுங்கள். மூன்று கோப்புகளின் அளவையும் படத்தையும் ஒப்பிடுங்கள்.

6. எழுத்து கெடாமல் அளவு எதில் குறைகிறதோ அதைக்கொண்டு முழுக் காணொலியையும் மாற்றுங்கள்.

என்எல்மீன்ஸ் மெதுவாக ஓடும். பழைய மடிக்கணினியாக இருந்தால் இரவில் ஓடவிட்டுக் காலையில் எடுக்க வேண்டியிருக்கும். அவசரத்துக்கு "எச்க்யூடிஎன்3டி" என்ற மற்றொரு வடிகட்டி அதே பட்டியலில் உள்ளது. வேகமானது, ஆனால் நுணுக்கம் சற்றுக் குறைவு. "மீடியம்", "ஸ்ட்ராங்" அளவுகளைப் பாடக் காணொலிகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. முகம் மெழுகு பூசியதுபோல ஆகும். சுவரின் நிழல் பட்டை பட்டையாகத் தெரியும்.

பழைய வீடியோ நாடாக்கள்

பல பள்ளி அலமாரிகளில் விஎச்எஸ் நாடாக்கள் தூங்குகின்றன. ஆண்டு விழாக்கள், விளையாட்டு விழாக்கள், ஓய்வுபெற்றுவிட்ட ஆசிரியர்களின் குரல்கள் அவற்றில் உள்ளன. காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு நலிகிறது. ஓட்டிப் பார்க்கும் கருவிகளும் அருகிவிட்டன. இவற்றைக் கணினிக்கு மாற்றுவதைத் தள்ளிப்போடக்கூடாது.

நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் முறையில் பதிவான நாடாவை 720 × 576 பிக்சல், நொடிக்கு 25 சட்டகம் என்று சுருக்காமல் எடுத்தால் நொடிக்குச் சுமார் 21 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிகாபைட். நாடாவின் இரைச்சல் கைபேசியைவிட அதிகம் என்பதால், இங்கே வடிகட்டி தரும் பலனும் அதிகம். மூன்று செய்திகளை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒன்று, நாடாவில் ஒவ்வொரு சட்டகமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு பாதிகளாக, இரு வேறு கணங்களில் பதிவாகியிருக்கும். கணினித் திரையில் அசையும் பொருளின் ஓரம் சீப்புப் பல்போலத் தெரிவது இதனால்தான். முதலில் இந்தப் பின்னலைப் பிரிக்க வேண்டும். பிறகே இரைச்சல் குறைப்பு. ஹேண்ட்பிரேக்கில் "டீஇன்டர்லேஸ்" என்பதைத் தேர்ந்துவிட்டால் இந்த வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். இரண்டு, நாடாப் படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து துடித்துக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டிவிடுங்கள், வீணாகப் பிட்டுகளைத் தின்பவை அவை. மூன்று, என்எல்மீன்ஸில் நாடாவுக்கென்றே "டேப்" என்ற தேர்வு உள்ளது. அதை முதலில் முயன்று பாருங்கள்.

முக்கியமாக, வடிகட்டாத மூலப் பதிவை ஒரு வன்தட்டில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கும் பார்ப்பதற்கும் வடிகட்டிய சிறு கோப்பு. காப்பதற்கு மூலப் பதிவு. பத்தாண்டுக்குப் பிறகு இதைவிடச் சிறந்த வடிகட்டி வரும். அப்போது அதற்குக் கொடுக்க மூலம் வேண்டும்.

வடிகட்டி வேண்டாத இடங்கள்

இரைச்சலைப் போலவே தோற்றமளிக்கும் உண்மைகள் சில உண்டு. இரவு வானத்தின் விண்மீன்கள், காந்தத்தைச் சுற்றி அசையும் இரும்புத் தூள், சோதனைக் குழாயில் எழும் நுண்குமிழிகள், நுண்ணோக்கியின் கீழ் துடிக்கும் துகள்கள், எறும்புச் சாரை, தூறல். இவை சிறியவை, பல, நிலையற்றவை; வடிகட்டியின் கண்ணுக்கு இரைச்சலேதான். அறிவியல் செய்முறைக் காணொலியில் மாணவர் பார்க்க வேண்டியதே அந்தக் குமிழியாக இருந்தால், வடிகட்டியை அணைத்துவிட்டுப் பெரிய கோப்பையே ஏற்றுக்கொள்வது நல்லது.

கணிதத்தில் தசமப் புள்ளியும் அப்படியே. 3.5 என்பது 35 ஆகத் தெரிந்தால் கணக்கு முழுதும் தவறு. தமிழ் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு மெய்யெழுத்தின் புள்ளியும் அதே அளவு முக்கியம். பெரியவர்கள் நாம் சூழலை வைத்து "பககம்" என்று தெரிந்தாலும் "பக்கம்" என்று படித்துக்கொள்வோம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை திரையில் இருப்பதைத்தான் படிக்கும்.

ஆகவே எல்லா மென்பொருளுக்கும் முந்தைய வடிகட்டி வெளிச்சமே. சன்னலைத் திறந்து, பலகைக்குப் பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்படி செய்யுங்கள். பலகையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு எழுதுங்கள். புள்ளிகளைச் சற்று அழுத்தி, பெரிதாக வையுங்கள். கைபேசியைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் அல்லது மேசையில் புத்தக அடுக்கின்மேல் நிறுத்துங்கள்; கேமரா அசையாவிட்டால் கணிப்பும் சராசரியும் இரண்டும் நன்றாக வேலை செய்யும். இவற்றுக்குச் செலவில்லை. இவற்றைச் செய்தபின் வடிகட்டிக்கு மிச்சமிருக்கும் வேலை குறைவு. "அல்ட்ராலைட்" அளவே போதும்.

கோப்பை அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை. வடிகட்டிச் சுருக்கிய காணொலியைக் கணினித் திரையில் பார்த்து நிறைவடைய வேண்டாம். ஒரு சாதாரணக் கைபேசியில் போட்டு, உங்கள் வகுப்பில் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுத்து, பலகையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறதோ அந்த இடத்தின் மூலக் காணொலியைத் திறந்து பாருங்கள். மூலத்தில் இருந்த புள்ளி சுருக்கியதில் இல்லையென்றால், வடிகட்டியை ஒரு படி குறைத்துக்கொண்டு மீண்டும் ஓடவிடுங்கள். பத்து மெகாபைட் கூடினாலும் பரவாயில்லை.